ஏடிவி முன் பிரேக்: ஒரு லிட்டர் எண்ணெய் தீர்ந்தும் லிவர் கைப்பிடியைத் தொடுகிறது

சேற்றுச்சக்கரம் | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். மூன்று நாளாக இந்த ஒரே வேலையில் முழங்காலிட்டுக் கிடக்கிறேன். யாராவது கைகொடுங்கள்.

வண்டி பழைய ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டி). முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க், வலக்கை லிவர் ஒன்றுதான் இரண்டையும் இயக்குகிறது. லிவர் இழுக்கும்போது எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி, நடுவில் டி இணைப்பில் இரண்டாகப் பிரிந்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களுக்குப் போகிறது. பிஸ்டன்கள் இறுகிக்கொண்டதால் இரண்டு காலிப்பரையும் ஒரே நாளில் கழற்றி, மேசையில் வைத்துத் துடைத்து, புதிய சீல் போட்டு மாட்டினேன். செம்பு வாஷர்களும் புதியவை. மாட்டும்போது ஹோஸ்கள் சற்று முறுக்கிக்கொண்டு நின்றன, லேசாகத் திருப்பிச் சரிக்கட்டிவிட்டேன். ஒழுகல் எங்கும் இல்லை.

டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்று எடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் நிப்பிளில் (காற்றை வெளியேற்றக் காலிப்பரில் இருக்கும் சிறு திருகு) குமிழ் குமிழாக வந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஒரு குமிழும் இல்லை, குழாயில் கண்ணாடி மாதிரி எண்ணெய் மட்டுமே வருகிறது. ஆனால் லிவரை இழுத்தால் நேராகக் கைப்பிடியில் போய் முட்டுகிறது. நாலைந்து முறை அடித்தால் கொஞ்சம் எழும்புகிறது. பத்து எண்ணுவதற்குள் மறுபடி பஞ்சு. ஒரு லிட்டர் காலி. பின் பிரேக் நன்றாக இருக்கிறது.

எட்டாம் நம்பர் | வெள்ளி, இரவு 9:30

எந்த வரிசையில் செய்கிறீர்கள்? லிவரை விட்ட பிறகு நிப்பிளை மூடுகிறீர்களா, மூடிய பிறகு விடுகிறீர்களா?

சேற்றுச்சக்கரம் | வெள்ளி, இரவு 9:41

மூடிய பிறகுதான் விடுகிறேன். லிவரை மூன்று முறை மெதுவாக இழுத்து, நான்காவதில் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, லிவர் கைப்பிடி வரை வந்ததும் மூடி, அதன் பிறகு விடுகிறேன். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதன் மறுமுனை புட்டியில் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கிறது. மேலே மாஸ்டரின் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு ஒருமுறைகூடக் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவில்லை. முதலில் தூரத்துக் காலிப்பர், பிறகு அருகில் உள்ளது.

பழைய திருப்புளி | வெள்ளி, இரவு 10:20

தம்பி, செய்முறையில் குறை தெரியவில்லை. அப்படியானால் செய்முறையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனும் இல்லை. எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்துவிட்டு லிவரோடு கொஞ்சம் பேசுங்கள். "மெத்தென்று இருக்கிறது" என்று எல்லோரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதில் மூன்று வகை உண்டு.

இழுத்த இடத்தில் ரப்பர் பந்தை அமுக்குவது போல எகிறினால், உள்ளே காற்று. அல்லது ஹோஸ் பழையதாகி அழுத்தத்தில் ஊதுகிறது. ஒருவரை லிவரை அழுத்தச் சொல்லி, ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், ஊதினால் கையில் தெரியும்.

முதல் இழுப்பு ஆழமாகப் போய், உடனே இரண்டாவது இழுப்பு உயரத்திலேயே கல் மாதிரி நின்றால் அது காற்று அல்ல, இடைவெளி. டிஸ்க் நெளிந்திருக்கும், அல்லது சக்கர பேரிங் ஆடும், அல்லது பிஸ்டன் தேவைக்கு மேல் பின்வாங்கும். புதிய சதுர சீல் வறண்ட நிலையில் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது லிவர் மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் ரப்பர் தேய்ந்து எண்ணெயைப் பின்னால் விடுகிறது. அல்லது வெளியே எங்கோ ஒழுகல்.

உங்களுடையது எது?

இன்னொன்று. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் லிவரைக் கைப்பிடி வரை அடிப்பதை நிறுத்துங்கள். அன்றாடம் பிஸ்டன் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவரில் அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும். கப் ரப்பர் அங்கே போய் உரசினால் கிழியும். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மரத்துண்டை வைத்து ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்று எடுக்கப் போய் மாஸ்டரைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர், அதில் நானும் ஒருவன்.

சேற்றுச்சக்கரம் | வெள்ளி, இரவு 10:48

பார்த்தேன் அண்ணா. பிடித்துக்கொண்டிருந்தால் இறங்கவில்லை. அடித்தால் எழும்புகிறது, எழும்பிய இடத்திலும் ரப்பர் போலத்தான் எகிறுகிறது. ஹோஸ் ஊதவில்லை. சக்கரத்தில் ஆட்டம் இல்லை.

பழைய திருப்புளி | வெள்ளி, இரவு 10:55

காற்றுதான்.

இரவுச்சவாரி | வெள்ளி, இரவு 11:15

இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? லிவரை இழுத்துக் கைப்பிடியோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அவிழ்த்தால் கல். என் மோட்டார் சைக்கிளில் நான்கு முறை செய்திருக்கிறேன், நான்கு முறையும் பலித்தது.

கணக்குப்புலி | சனி, காலை 6:50

கட்டிவைக்கும் வைத்தியத்தைப் பற்றி ஒரு கேள்வி. லிவரை இழுத்த உடனேயே பிஸ்டனின் கப் ரப்பர் கிண்ணத்துக்குப் போகும் சிறு துளையைக் கடந்துவிடுகிறது. அப்படித் துளையை மூடினால்தான் அழுத்தமே உண்டாகும். ஆக, இரவு முழுக்கக் கட்டியிருந்தால் இரவு முழுக்க அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. காற்று எந்த வழியாக வெளியே போகும்?

கையோடு ஒரு கணக்கும் தருகிறேன். என் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 12.7 மி.மீ. பரப்பு ஏறக்குறைய 1.27 சதுர செ.மீ. உள்ளே வெறும் 1 மில்லி காற்று இருந்தால், அதை நசுக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கவே பிஸ்டன் கிட்டத்தட்ட 8 மி.மீ. ஓட வேண்டும். லிவர் நுனியில் அது ஐந்தாறு மடங்காகப் பெருகும், அதாவது நான்கு செ.மீ.க்கும் மேல். லிவர் கைப்பிடியில் முட்டுவதற்கு அது போதும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். நம் கை உழைப்பெல்லாம் டிஸ்க்கை அழுத்தும் பேடுக்குப் போகாமல் அந்த ஒரு மில்லியை அமுக்குவதில் கரைந்துவிடுகிறது. எனவே சேற்றுச்சக்கரம் தேட வேண்டியது பெரிய காற்றுக் குளத்தை அல்ல. ஒரு மூலையில் பதுங்கிய ஒரு மில்லியை.

இரவுச்சவாரி | சனி, காலை 8:05

கதவு சாத்தியிருக்கிறது என்பது சரி. ஆனால் காலையில் அவிழ்க்கும்போது திறக்கிறதே! இரவில் ஹோஸின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பொடிக் குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்கி, சுவரை விட்டு நழுவி, மெதுவாக மேலேறி மாஸ்டர் வாசலில் கூடி நிற்கும். லிவரை விட்டதும் துளை வழியே கிண்ணத்துக்குள் போய்விடும். அவிழ்த்தபின் கிண்ணத்தைப் பார்த்தால் இரண்டு மூன்று பொட்டுகள் எழும்பும், கண்ணால் கண்டிருக்கிறேன். கணக்கில் பிழை சொல்லவில்லை ஐயா, ஆனால் என் லிவர் உங்கள் கணக்கைப் படித்ததில்லை.

கணக்குப்புலி | சனி, காலை 8:22

நீங்கள் சொல்லும் விளக்கத்தை ஏற்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: காற்று இருக்கும் இடத்திலிருந்து மாஸ்டர் வரை பாதை முழுக்க மேல்நோக்கி ஏறவேண்டும். நடுவில் ஹோஸ் ஒருமுறை மேலே வளைந்து கீழே இறங்கினாலும் குமிழ் அந்த வளைவின் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும், விடிய விடியக் கட்டினாலும் நகராது. மோட்டார் சைக்கிளின் முன் ஹோஸ் பெரும்பாலும் நேராக ஏறும். ஏடிவியில் டி இணைப்பு, வளைவு, கொக்கி எல்லாம் இருக்கின்றன.

சேற்றுச்சக்கரம் | ஞாயிறு, காலை 9:10

சண்டையைத் தீர்க்க நேற்றிரவு கட்டிப் பார்த்துவிட்டேன். காலையில் அவிழ்த்தபோது லிவர் உண்மையாகவே கெட்டியாக நின்றது. மகிழ்ச்சியில் முற்றத்தில் இரண்டு சுற்றுத் தள்ளிக்கொண்டும் போனேன். ஒரு மணி நேரத்தில் பழைய பஞ்சு திரும்பி வந்துவிட்டது.

கணக்குப்புலி | ஞாயிறு, காலை 9:33

அழுத்தத்தில் கொஞ்சம் காற்று எண்ணெயில் கரைந்திருக்கும். அழுத்தம் போனதும் மெல்லப் பிரிந்து வந்துவிட்டது. காற்று வெளியே போகவில்லை, ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

மண்திட்டு | ஞாயிறு, காலை 10:15

நான் கையால் இயக்கும் உறிஞ்சு பம்பு வாங்கினேன். நிப்பிளில் மாட்டி உறிஞ்சினால் குமிழ் நிற்கவே இல்லை. அரை மணி நேரமாக வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு காற்றா உள்ளே இருக்கும்?

பழைய திருப்புளி | ஞாயிறு, காலை 10:31

அது உள்ளே இருந்த காற்று இல்லை. திறந்த நிப்பிளின் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்றை உங்கள் பம்பு உறிஞ்சுகிறது. நிப்பிளைக் கழற்றி, நுனிக்கூம்பிலும் பக்கத் துளையிலும் படாமல் மரையில் மட்டும் டெஃப்ளான் நாடா சுற்றி மாட்டிப் பாருங்கள், குமிழ் அடங்கும். உறிஞ்சு பம்பு வெறும் ஹோஸை முதன்முதலில் நிரப்ப நல்ல கருவி. முடிந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அதை நம்பக் கூடாது.

ஈரச்சாலை | ஞாயிறு, பகல் 12:02

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு. காற்று எடுக்கும் முறை இதேதானா?

எட்டாம் நம்பர் | ஞாயிறு, பகல் 12:20

எண்ணெய் மாற்றுவதற்கு இதே முறை. கிண்ணம் வறண்டுபோகாமல் பார்த்துக்கொண்டால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போகாது. பெட்டியையே கழற்றியிருந்தாலோ கிண்ணம் காலியாகிக் காற்று இறங்கிவிட்டாலோ கதை வேறு. உள்ளே இருக்கும் வால்வுகளையும் பம்பையும் ஓடவிட்டால்தான் அந்தக் காற்று வரும், பல வண்டிகளில் அதற்கென்று கணினிக் கருவியை இணைக்க வேண்டும். கையேட்டைப் பாருங்கள்.

மண்திட்டு | ஞாயிறு, பகல் 12:45

சேற்றுச்சக்கரம், டாட் 4-ஐ விட்டுவிட்டு டாட் 5 ஊற்றிப் பார்க்கலாமே? எண் பெரிதாக இருந்தால் தரம் கூடத்தானே?

பழைய திருப்புளி | ஞாயிறு, பகல் 1:10

ஊற்றாதீர்கள். இந்த எண் பலரைக் கவிழ்த்திருக்கிறது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் குடும்பம். டாட் 5 சிலிகான், அந்த வீட்டுக்கே வேறு சாதி. இரண்டும் கலக்காது. ஒரே புள்ளிதான் வித்தியாசம் என்று நினைத்து 5.1-க்குப் பதில் 5 ஊற்றிய என் நண்பர் ஒருவர், மாஸ்டர் முதல் காலிப்பர் வரை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். கிண்ணத்தில் ஊதா நிறம் ஒரு பக்கமும் மஞ்சள் ஒரு பக்கமும் மிதந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. போதாததற்கு, சிலிகான் எண்ணெயில் காற்று எளிதில் கரையும், பொடிக் குமிழாகத் தங்கும். காற்றோடு போராடுகிறவருக்கு அதைக் கொடுப்பதா?

கிளைகால் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதும் நினைவில் இருக்கட்டும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வரும்போது, கொதித்து உண்டாகும் ஆவியும் காற்றைப் போலவே லிவரைப் பஞ்சாக்கும். அரைகுறையாக மூடிய பழைய புட்டியைப் பத்திரப்படுத்தாதீர்கள்.

சேற்றுச்சக்கரம், இன்று ஒரு சோதனை செய்யுங்கள். மாஸ்டரிலிருந்து ஹோஸின் பாஞ்சோ போல்ட்டைக் (ஹோஸை இணைக்கும், உள்ளே எண்ணெய்த் துளையுள்ள போல்ட்) கழற்றி, அதே மரையுள்ள துளையில்லாத போல்ட்டைச் செம்பு வாஷருடன் அங்கே மாட்டுங்கள். மரை எம்10 ஆகத்தான் இருக்கும், ஆனால் புரி இடைவெளி 1.0, 1.25 என்று இரண்டு வகை உண்டு. கையால் திருகிப் பொருந்தினால் மட்டும் முடுக்குங்கள். பிறகு லிவரை இழுத்துப் பாருங்கள்.

சேற்றுச்சக்கரம் | ஞாயிறு, மாலை 5:40

செய்தேன். லிவர் கல். ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. ஆக மாஸ்டர் நலம். ஹோஸை மறுபடி மாட்டி, அந்த போல்ட்டிலும் காற்று எடுத்துவிட்டேன், இரண்டு சிறு குமிழ் வந்தது. லிவரில் மாற்றம் இல்லை.

எட்டாம் நம்பர் | ஞாயிறு, மாலை 5:58

முதல் பதிவை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இரண்டு காலிப்பரும் ஒரே மேசையில். மாட்டும்போது ஹோஸ்கள் முறுக்கிக்கொண்டன. சக்கரத்தைக் கழற்றி இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். காலிப்பர் முழுதாகத் தெரிய வேண்டும்.

சேற்றுச்சக்கரம் | ஞாயிறு, மாலை 6:35

படங்கள் கீழே. முதலாவது இடது, அடுத்தது வலது.

எட்டாம் நம்பர் | ஞாயிறு, மாலை 6:41

இரண்டு படத்திலும் ஹோஸ் மேலே நுழைகிறது. நிப்பிள் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறீர்கள்.

பழைய திருப்புளி | ஞாயிறு, மாலை 6:50

ஐயோ தம்பி! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதேதான். போல்ட் துளைகள் இரு பக்கமும் ஒன்றாகப் பொருந்துவதால் வண்டி மறுப்புச் சொல்வதில்லை. முனகியது ஹோஸ் மட்டுந்தான், அதையும் நீங்கள் திருப்பி அடக்கிவிட்டீர்கள்.

காலிப்பருக்குள் பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு குழிவு இருக்கிறதல்லவா? எண்ணெய் மேலே நுழைந்து கீழே இருக்கும் நிப்பிள் வழியாக வெளியேறுகிறது. குழிவின் கூரையில் தேங்கிய காற்றை அந்த ஓட்டம் தொடுவதே இல்லை. தெளிந்த எண்ணெய் வந்ததன் காரணமும் இதுதான். நீங்கள் ஒரு லிட்டர் அல்ல, பத்து லிட்டர் ஊற்றியிருந்தாலும் குழாயில் ஒரு குமிழ் வந்திருக்காது. காற்றுக்குக் கீழே இறங்கத் தெரியாது.

சேற்றுச்சக்கரம் | ஞாயிறு, மாலை 7:02

மூன்று நாள் அந்தக் காலிப்பரின் முன்னாலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நிப்பிளில் ஸ்பேனர் போடத் தரையில் படுக்க வேண்டியிருந்தது. இந்த வண்டியை வடிவமைத்தவனை அப்போதெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

மாற்றி மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய திருப்புளி | ஞாயிறு, இரவு 7:40

பக்கம் மாற்றியதும் உடனே நிப்பிளைத் திறக்க ஓடாதீர்கள். முதலில் காலிப்பரைப் பிடிப்பிலிருந்து தளர்த்தி, பிஸ்டனை விரலால் முழுதாக உள்ளே தள்ளுங்கள். பின்னால் இருக்கும் குழிவு சிறிதானால் காற்று ஒளியவும் இடம் சிறிது. பிஸ்டன் திரும்பி வராமல் பேடுகளுக்கு நடுவே டிஸ்க்கை விடச் சற்றுத் தடித்த மரத்துண்டு ஒன்றைச் செருகுங்கள். அதன்பின் காலிப்பரைக் கையில் தூக்கி, நிப்பிள்தான் உச்சி என்று ஆகும்வரை சாய்த்துப் பிடித்து, ஸ்பேனர் பிடியால் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் காற்றை எடுங்கள். நிப்பிள் சரியான பக்கத்தில் இருக்கும் வண்டியில்கூட இது பயன்படும். சில காலிப்பர்களில் நிப்பிள் உச்சியிலிருந்து சற்றுத் தள்ளியே இருக்கும்.

இன்னும் கெட்டிப்படவில்லை என்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் புதிய எண்ணெய் எடுத்து, அதில் உள்ள காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். காற்று போக விரும்பும் திசையும் அதுதான். கிண்ணம் வழிந்து பெயின்ட்டில் கொட்டும், முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள். கொட்டினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கிளைகால் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

கடைசியாக மாஸ்டர். கைப்பிடியைத் திருப்பி மாஸ்டரை மட்டமாக நிறுத்தி, லிவரை ஓர் அங்குலம் மட்டும் பல தடவை மென்மையாகத் தட்டுங்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து ஊசிமுனை அளவில் ஒரு பீச்சல் எழும்ப வேண்டும். மூடியை மேலே சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் தெறிக்கும். பீச்சல் வரவில்லை என்றால் சிறு துளை அடைத்திருக்கிறது, அப்படியானால் பிரேக் பிடித்தபின் விடாது.

எட்டாம் நம்பர் | ஞாயிறு, இரவு 7:52

நிப்பிளுக்கு எட்டு மி.மீ. வளைய ஸ்பேனர் போடுங்கள், திறந்த வாய் ஸ்பேனர் முனையை உருட்டிவிடும். முடுக்கு 6 நியூட்டன் மீட்டர் அளவுதான் வரும். அதன் நடுவில் துளை இருக்கிறது, பலத்தைக் காட்டினால் பாதி உள்ளேயே முறிந்து நிற்கும். பாஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் செம்பு வாஷர் மறுபடி புதிது.

சேற்றுச்சக்கரம் | திங்கள், இரவு 8:25

முடிந்தது.

பக்கம் மாற்றி மாட்டியபோதே ஹோஸ் இரண்டும் எந்த முறுக்கும் இல்லாமல் தானாக வளைந்து உட்கார்ந்தன. இடது காலிப்பரில் முதல் திறப்பிலேயே குழாயில் ஒரு குமிழ் வந்தது. பொட்டுக் குமிழ் இல்லை. குழாயின் விட்டத்தை முழுதாக அடைத்துக்கொண்டு, ஒரு விரற்கடை நீளத்துக்கு வெற்றிடம் நகர்ந்து போயிற்று. அதன் பின்னால் சிறியதாக இரண்டு. வலது பக்கம் அதைவிடக் குறைவு. எண்ணெய் மொத்தம் 150 மில்லிகூட ஆகவில்லை.

லிவர் இப்போது பாதி தூரத்துக்கு முன்பே நிற்கிறது, எகிறவில்லை. கட்டிவைக்கவும் இல்லை, இரவுச்சவாரி மன்னிக்கவும். வண்டியைத் தள்ளிக்கொண்டு பிடித்துப் பார்த்தேன், பிறகு நடை வேகத்தில் பத்து முறை. சக்கரம் விட்டதும் தடையின்றிச் சுழல்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். இத்தனை நாள் கீழே படுத்துச் செய்ததில் வலப்பக்கப் பேடில் எண்ணெய் வழிந்திருக்கிறது. துடைத்துவிட்டால் போதுமா?

பழைய திருப்புளி | திங்கள், இரவு 8:40

டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும். பேடு ஊறியிருந்தால் மேலே துடைத்துப் பயனில்லை, சூடேறும்போது உள்ளே இருப்பது கசியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாற்றுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து.

இரவுச்சவாரி | திங்கள், இரவு 9:05

கயிறு சும்மா கிடக்கிறது, ஈரச்சாலைக்கு வேண்டுமானால் தருகிறேன்.